கூட்டத்துக்குப் பயந்தால் குற்றமா?

கேள்வி: 2015இல் பாப்பரசர் மடுவுக்கு வந்தபோது, சனத்தைக் கண்டால் மூச்சு முட்டும் என்று நான் போகவில்லை. இந்த ஆவணித் திருவிழாவுக்கு ஆயர்கள் வரும் நாளில் போக ஆசை. என்ன செய்யலாம்?
– வாசகி, முள்ளிக்குளம்

பதில்: முதலில், போகாதது விசுவாசக் குறைவில்லை, தங்கச்சி. 2015 ஜனவரி 14 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் மடுவில் செபித்ததே போரில் நொந்தவர்களுக்காகத்தான். அந்தப் போரில்தான் 2007இல் உங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. மடு மாதாவின் சுரூபமும் 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. சனத்தோடு சனமாக நெருக்குண்டு ஓடிய உடம்பு அதைச் சுலபமாக மறக்காது.

ஓகஸ்ட் 15 காலைத் திருப்பலிதான் பெருநெருக்கம். 6ஆம் திகதி கொடியேறியதும் வருகிற நவநாள்களில் ஒன்றுக்கு முதலில் போய்ப் பழகுங்கள். பெருநாளன்று பீடத்தடிக்கு முண்டியடிக்க வேண்டாம் (அங்கே நிற்பவருக்கும் முன்னால் நிற்பவரின் பிடரிதான் தெரியும்). வெளி ஓரத்து மரநிழலில், வெளியேறும் வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். ஒலிபெருக்கி அங்கேயும் கேட்கும். கைத்தொலைபேசியை நம்பாமல், கூட வருபவரோடு சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள்.

கூட்டமில்லாத நாளிலும் மூச்சு முட்டினால், மன்னார் வைத்தியசாலையில் ஒருக்கால் காட்டுங்கள்.