ஆரியங்காவு மலைவழி

பொதிய மலையின் அடிவாரத்தே, கடனா நதியின் நீரால் வளம்பெற்ற வயல்களினிடையே அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. முன்னாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2019ஆம் ஆண்டிலிருந்து தென்காசி மாவட்டத்தில் உள்ளது. ஊரில் எத்தெருவினின்று நோக்கினும் மேற்கே மலைத்தொடர் நீலமாய்த் தோன்றும். இவ்வூர்க்கும் மோட்டார்த் தொழிலுக்கும் ஓர் உறவுண்டு என்பதைப் பலர் அறியார். சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தின் தலைமையை ஏற்று, அமால்கமேஷன்ஸ் குழுமத்தை நிறுவி, டீசல் எஞ்சின்களும் டிராக்டர்களும் நம் நாட்டிலேயே உருவாக வழிவகுத்த அனந்தராமகிருஷ்ணன் (1905–1964) இவ்வூரினரே.

இவ்வூரைச் சேர்ந்த நண்பர் ஐவர், ஆனித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிள்களில் ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து தென்மலை வரை சென்று, இருட்டுமுன் திரும்புவது என்று முடிவு செய்தனர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் உழவர், ஒருவர் மின்வாரியப் பணியாளர், ஒருவர் கடை வைத்திருப்பவர், ஐந்தாமவன் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவன். மாணவனுடைய வண்டி புத்தம் புதியது. உழவருடையதோ அவர் தந்தையார் ஓட்டிய பழைய புல்லட். இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென விரும்பி ஏற்ற வண்டி அது. 1955ஆம் ஆண்டு முதல் சென்னையில் உருவாக்கப்பட்டு வருவது. ஏற்றத்தில் அதன் வலிமைக்குக் குறைவில்லை. ஆயினும் அதன் பிரேக் பழைய உருளை வகையைச் சேர்ந்தது. இடைவிடாது அழுத்தினால் அவ்வகைப் பிரேக் சூடேறிப் பிடிப்புத் தளரும். நீர் புகுந்தாலும் அவ்வாறே. இதனை ஆசிரியர் நன்கறிவார். ஆகவே புறப்படுமுன் அவர் ஒரு முறை வகுத்தார்.

"நான் முன்னே செல்வேன். அண்ணாச்சியின் புல்லட் எனக்கு அடுத்து வரும். கடைசியில் மின்வாரியத் தம்பி வருவார். அவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்கலாகாது. என்னைத் தாண்டி ஒருவரும் முந்தலாகாது. தம் பின்னே வருபவர் கண்ணாடியில் தெரிகின்றாரா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். தெரியாவிடின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும்" என்றார் அவர்.

"புல்லட்டின் வேகத்திலேயா நாம் எல்லோரும் போவது, சார்?" என்றான் மாணவன்.

"ஆம், தம்பி" என்றார் ஆசிரியர். அதற்குமேல் அவர் ஒன்றும் கூறவில்லை. ஐவரும் தலைக்கவசம் அணிந்து, வாரினை இறுகக் கட்டிக்கொண்டனர். தலைக்கவசத்தைத் தலையில் வைத்து வாரைத் தொங்கவிட்டுச் செல்வோர் நம்மிடையே மிகுதி. விழும்போது முதலில் கழன்று ஓடுவது அதுவே.

கடையத்தை அடைந்தபோது நன்கு விடிந்துவிட்டது. பாரதியாரின் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர் அது. 1918ஆம் ஆண்டில் புதுச்சேரியை விட்டு நீங்கிய பின்னர், 1920 வரை கவிஞர் இங்கேயே வாழ்ந்தார். அவ்வூரைக் கடந்து தென்காசியை நெருங்குகையில் காசி விசுவநாதர் கோயிலின் உயர்ந்த கோபுரம் தொலைவிலேயே கண்ணுக்குப் புலனாயிற்று. அக்கோபுர வாயிலில் நிற்போர்மீது காற்று வீசியடிக்கும். அக்காற்று எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால்தான் இம்மலைவழியின் இயல்பு விளங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுமதில் போன்றது. அரபிக் கடலினின்று எழும் தென்மேற்குப் பருவக் காற்று இம்மதிலின் மேற்புறத்தே மோதி, மழையைப் பெரும்பாலும் கேரளத்திலேயே பெய்துவிடும். ஆனால் ஆரியங்காவில் மதில் தாழ்ந்து வழிவிடுகிறது. அவ்வழியே நுழையும் காற்று எஞ்சிய ஈரத்தைச் சாரலாகத் தூவிக்கொண்டு வருகிறது. குற்றாலத்தில் ஆனி, ஆடித் திங்களில் அருவி ஆர்ப்பரிப்பதற்கும், தமிழகத்தின் பிற பகுதிகள் வெயிலில் வாடுகையில் தென்காசிச் சீமை குளிர்ந்திருப்பதற்கும் இதுவே காரணம். காற்று புகுந்த வழியிலேயே மனிதரும் புகுந்தனர். வணிகர் சென்ற அவ்வழியில் 1904ஆம் ஆண்டில் இருப்புப்பாதையும் சென்றது. செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது; 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் தமிழகத்தோடு இணைந்தது.

செங்கோட்டையைக் கடந்து புளியரையை அடைந்ததும் சாலை மலைமேல் ஏறத் தொடங்கிற்று. சாலை ஆங்கில எழுத்தான 'எஸ்' போன்று நெளிந்து ஏறுகின்ற இடம் அது. கீழே பச்சை வயல்களும் தென்னந்தோப்புகளும் பாய் விரித்தாற்போல் கிடந்தன. காட்சி அழகியதே. எனினும் வண்டி ஓட்டுபவர் அதனைக் கண்டு மகிழ விரும்பினால், சாலையோரத்தில் இடமுள்ள பகுதியில் நிறுத்திவிட்டே காணவேண்டும்.

வளைவில் வண்டியின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஓடும் பொருள் நேரே ஓடவே முயலும். அதனை வளைத்துத் திருப்புவது டயர்க்கும் சாலைக்கும் இடையேயுள்ள பிடிப்பு ஒன்றே. மோட்டார் சைக்கிள் வளைவின் உட்புறம் சாய்வதும் இதன் பொருட்டே. வேகம் இருமடங்கானால், திருப்புதற்கு வேண்டிய விசை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எளிதாகத் திரும்பும் வளைவு, 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்கு பிடிப்பைக் கேட்கும். சாலை நனைந்திருந்தாலோ இருக்கின்ற பிடிப்பும் குறைந்துவிடும். ஆகவே வளைவுக்குள் புகுந்தபின் பிரேக்கை அழுத்துவது தவறு. புகுமுன்னரே வேகத்தைத் தணித்தல் வேண்டும். சமவெளியில் இருவர் இருவராகச் சற்று விலகி ஓட்டி வந்த நண்பர்கள், இங்கே ஒருவர்பின் ஒருவராக இடைவெளி விட்டுச் சென்றதும் இக்கருத்தினாலேயே.

ஐவருக்கு முன்னே சுமையேற்றிய லாரி ஒன்று ஊர்ந்து சென்றது. மாணவனுடைய பொறுமை தீர்ந்தது. அவன் வரிசையை விட்டு வலப்புறம் விலகினான். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது அவனுக்குத் தெரியாது. பின்னால் வந்த மின்வாரியப் பணியாளர் ஒலிப்பானை விடாது அழுத்தினார். மாணவன் திடுக்கிட்டு மீண்டும் வரிசைக்குள் நுழைந்தான். மறுகணமே, வளைவைச் சுற்றிக் கேரள அரசுப் பேருந்து ஒன்று சாலையின் மறுபாதி முழுவதையும் அடைத்துக்கொண்டு இறங்கிச் சென்றது. மேலே, அகன்றதோர் இடத்தில் ஐவரும் வண்டிகளை நிறுத்தினர். மாணவனுடைய கைகள் நடுங்கின. ஒருவரும் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. உழவர் தம் பையிலிருந்த தண்ணீரை எடுத்து நீட்டி, "குடி, தம்பி. லாரி எங்கே போய்விடப் போகிறது?" என்றார்.

எல்லையைத் தாண்டியதும் காடு அடர்ந்தது. ஆரியங்காவில் ஐயப்பன் கோயில், சாலையினின்று கீழிறங்கிச் செல்லும்படி தாழ்ந்த நிலத்தில் அமைந்துள்ளது. கழுதுருட்டி அருகே சாலையை ஒட்டியே நிற்கின்றது பதின்மூன்று கண் பாலம். கல்லால் எழுந்த அதன் வளைவுகளின்மேல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மீட்டர் பாதை இரயில் ஓடிற்று. 2010ஆம் ஆண்டில் அது நிறுத்தப்பட்டு, அகலப்பாதையாக மாற்றப்பட்டபின் 2018ஆம் ஆண்டில் இவ்வழி மீண்டும் திறக்கப்பட்டது. பாலத்தின் எதிரே நண்பர்கள் நெடுநேரம் நின்றனர். தென்மலை என்னும் பெயர் தேன்மலை என்பதிலிருந்து வந்தது என்பர்; இதனை ஆசிரியர் கூற, தெற்கேயுள்ள மலையாதலின் தென்மலை என்றே தாம் நாளும் எண்ணியிருந்ததாகக் கடைக்காரர் கூறி நகைத்தார்.

திரும்புகையில் பாலருவியைக் காண்பது என்பது முன்னரே செய்த ஏற்பாடு. மாணவன் இப்பயணத்துக்கு வந்ததே அதன்பொருட்டுத்தான். ஆனால் பிற்பகலில் சாரல் வலுத்து மழையாயிற்று. அருவிக்குச் சென்றால் இறக்கத்தை இருட்டில் கடக்க நேரும். ஆசிரியர் உழவரை நோக்கினார். "என் வண்டியை எண்ணி நீங்கள் நிற்க வேண்டாம். நான் மெல்ல இறங்கிச் செங்கோட்டையில் காத்திருக்கிறேன்" என்றார் உழவர். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் மாணவனே, "அருவி அடுத்த மாதமும் விழும், அண்ணாச்சி. சேர்ந்தே இறங்குவோம்" என்றான்.

ஏறுதலினும் இறங்குதலே அரிது. எந்தக் கியரில் ஒரு மலையில் ஏறுகின்றோமோ, அந்தக் கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பது ஓட்டுநரின் பழைய விதி. கியர் தாழ்ந்திருக்கையில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்குக்கு வேலை குறைகிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டோ எஞ்சினை அணைத்துவிட்டோ இறங்குவது, எரிபொருளை மிச்சப்படுத்தி உயிரைப் பணயம் வைப்பதாகும். மேலும், குறுகிய இடத்தில் இரு வண்டிகள் எதிர்ப்படின், இறங்குவது நின்று ஏறுவதற்கு வழிவிடவேண்டும் என்பது சாலை விதி. புளியரை வளைவுகளில் ஐவரும் இரண்டு இடங்களில் அவ்வாறு ஒதுங்கி நின்றனர். இம்முறை மாணவன் புல்லட்டின் பின்னே, அதன் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, அதற்கு நெருங்காமலும் விலகாமலும் வந்தான்.

செங்கோட்டையில் ஒரு தேநீர்க்கடை வாயிலில் ஆசிரியர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். மழையினூடே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. உழவர் புல்லட்டினின்று இறங்கி, குனிந்து, பிரேக் உருளையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். அது வெதுவெதுப்பாகவே இருந்தது.