சாற்றிய புடவையும் சிக்கனக் கடையும்



நவராத்திரி முடிந்த மறுவாரம், அம்மனுக்குச் சாற்றிய புடவைகளை எங்கள் ஆலயத்தில் விற்பனைக்கு வைப்பது வழக்கம். அந்த மேசையில் அமர்ந்து ரசீது எழுதுவது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. காலை எட்டு மணிக்கெல்லாம் வரிசை நின்றுவிடும். அரக்குக் கரையிட்ட மஞ்சள் பட்டு ஒன்றுக்காக இரண்டு குடும்பத்தார் மனத்தாங்கல் கொண்டதும் உண்டு. வரும் பணம் அன்னதான நிதிக்குப் போகிறது.

ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு விற்பனை முடிந்து நான் வீடு திரும்பியபோது, என் மனைவி ஒரு சிக்கனக் கடையில் வாங்கிய கைத்தறிச் சேலையை எடுத்துக் காட்டினார். விலை ஐந்து வெள்ளி. எனக்குச் சுருக்கென்றது. "யார் உடுத்தியதோ, எந்த வீட்டுத் துணியோ! இதையா வாங்கி வந்தாய்?" என்று கடிந்துகொண்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "அம்மனுக்குச் சாற்றிய புடவையென்றால் வரிசையில் நின்று வாங்குகிறோம். ஒரு பெண் உடுத்திய சேலையென்றால் மட்டும் ஆகாதோ? அங்கே வரும் பணம் அன்னதானத்துக்கு. இங்கே வரும் பணமும் ஓர் ஏழைக்குத்தானே போகிறது?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பாடம் நடத்தியவனுக்கு அன்று பதில் வரவில்லை. அம்மனின் பிரசாதமும் கடைத் துணியும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒருவர் உடுத்தியது என்பதற்காக ஒரு துணி தாழ்ந்துவிடுவதில்லை. அது எந்த மனத்தோடு கொடுக்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்பதே முக்கியம். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில காலம் பிடித்தது.

சிக்கனக் கடை என்பது யாது?

நாம் பேச்சுவழக்கில் 'திரிஃப்ட் ஷாப்' என்று சொல்வதைத்தான் சிக்கனக் கடை என்கிறேன். பொதுமக்கள் தங்களுக்குத் தேவைப்படாத நல்ல பொருள்களை இலவசமாகக் கொடுக்கிறார்கள். தொண்டூழியர்கள் அவற்றைத் தரம் பிரித்து, விலை ஒட்டி, அடுக்கி வைக்கிறார்கள். விற்ற பணம் அந்த அறநிறுவனத்தின் பணிகளுக்குச் செல்கிறது. பொருளின் அடக்கவிலை ஒன்றுமில்லை என்பதால், வாடகையும் பிற செலவும் போக மீதமெல்லாம் தொண்டுக்கே.

இதன் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 1902ஆம் ஆண்டு எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார், வசதி படைத்தோர் வீடுகளிலிருந்து பழைய துணிமணிகளையும் பொருள்களையும் திரட்டினார். அவற்றை ஏழைகளுக்கு வெறுமனே பகிர்ந்தளிக்கவில்லை. பழுதுபார்க்கும் வேலையை அவர்களுக்கே கொடுத்துக் கூலியும் கொடுத்தார். அதுவே 'குட்வில்' நிறுவனமாக வளர்ந்தது. இங்கிலாந்தில், 1942ஆம் ஆண்டு போர்க்காலப் பஞ்சத்தில் வாடிய கிரேக்க மக்களுக்கு உதவத் தோன்றிய 'ஆக்ஸ்ஃபாம்', 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்டு நகரின் பிராட் ஸ்திரீட்டில் தன் முதல் கடையைத் திறந்தது. கொடுப்பவருக்கு இடம் மிச்சம், வாங்குபவருக்குப் பணம் மிச்சம், எங்கோ ஒருவருக்கு உணவு என்ற முறை அங்கிருந்து பல நாடுகளுக்கும் பரவியது.

நம் சிங்கப்பூரில் 1935 முதல் தொண்டாற்றிவரும் இரட்சணிய சேனையின் சிக்கனக் கடைகளைப் பலரும் அறிவர். அறிவுத்திறன் குறைபாடுடையோருக்காக 1962இல் தொடங்கப்பட்ட 'மைண்ட்ஸ்' அமைப்பும் இத்தகைய கடைகளை நடத்துகிறது. அங்கே பொருள்களைத் தரம் பிரிப்பதும் அடுக்குவதும் அவ்வமைப்பினரின் பராமரிப்பில் உள்ளோருக்கு வேலைப் பயிற்சியாகவே அமைகிறது. வாட்டர்லூ ஸ்திரீட்டில், நம் ஸ்ரீ கிருஷ்ணன் ஆலயம் அமைந்துள்ள அதே தெருவில், 1980இல் உருவான சிங்கப்பூர் மாதர் சங்கங்களின் மன்றம் 'நியூ டு யூ' என்ற கடையை நடத்துகிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பிவரும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் 1999 முதல் அடைக்கலம் தரும் 'ஸ்டார் ஷெல்டர்' இல்லம் அம்மன்றத்தைச் சேர்ந்தது. அந்தக் கடையில் ஒரு கைப்பை வாங்கினால், அந்தப் பணம் இத்தகைய பணிகளுக்குத் துணையாகிறது.

வாங்குவதிலுள்ள இன்பம்

மனைவியின் கேள்விக்குப் பின், அவருக்குத் துணையாகப் போகிறேன் என்ற பெயரில் நானும் கடைக்குள் நுழைந்தேன். பேரங்காடியில் ஒரே மாதிரிச் சட்டை நூறு தொங்கும். இங்கே ஒவ்வொன்றும் ஒரே ஒன்று. இன்று விட்டால் நாளை இருக்காது. கோழிச் சேவல் வரைந்த கிண்ணங்கள், யாரோ பொத்திப் பாதுகாத்த இசைத்தட்டுகள், பூவேலை செய்த நான்கடுக்கு எனாமல் சாப்பாட்டுத் தூக்கு. அந்தத் தூக்கைக் கையில் எடுத்தபோது என் தகப்பனார் நினைவு வந்தது.

1960களின் இறுதி. நாங்கள் ஆறு பிள்ளைகள். பள்ளி திறப்பதற்கு முன் அப்பா எங்களைச் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தைக்கு அழைத்துச் செல்வார். தரையில் விரித்த சாக்கின்மேல் குவிந்து கிடக்கும் காலணிகளில் எனக்கு ஒரு ஜோடி தேர்ந்தெடுப்பார். அளவு பெரிதாயிருந்தால் முனையில் செய்தித்தாளைச் சுருட்டித் திணிப்பார். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைப் பூச்சுத் தடவி வெயிலில் வைப்பார். காலையில் புதிதுபோல் மின்னும். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பதை அவர் வாயால் சொன்னதில்லை, செய்து காட்டினார். 1930களில் தோன்றிய அந்தச் சந்தை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் மூடப்பட்டது. பழைய காலணியில் படித்து ஆசிரியரான நான், ஐந்து வெள்ளிச் சேலையைக் கண்டு முகம் சுளித்தேன். வசதி வந்ததும் வந்த வழி மறந்துவிட்டது.

அந்தத் தூக்கின் விலை எட்டு வெள்ளி. பத்து வெள்ளித் தாளைக் கொடுத்து, மீதி இரண்டு வெள்ளியை உண்டியலில் போட்டேன்.

கொடுத்தபோது கற்ற பாடம்

வாங்குவதில் தேறிவிட்டேன், கொடுப்பதில்தான் தவறினேன். சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து, நான்கு பைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். பெரிய தருமம் செய்யப் போகிறோம் என்ற நினைப்பு. பைகளைப் பெற்றுக்கொண்ட பெண்மணி என்னைப் பார்த்துவிட்டு, "சார்!" என்றார். தொடக்கப்பள்ளியில் என்னிடம் படித்த மாணவி. ஓய்வு நேரத்தில் அங்கே தொண்டூழியம் செய்கிறார்.

என் முன்னாலேயே பைகளைப் பிரித்தார். கறை படிந்த படுக்கை விரிப்பு. ஜாடி இல்லாத மாவரைக்கும் இயந்திரம். கழுத்துப் பட்டை நைந்த சட்டைகள். ஒற்றைக் காலுறைகள். ஒவ்வொன்றாக ஒரு பக்கம் ஒதுக்கினார். நான்கு பையில் ஒரு பை அளவே தேறியது. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கோவிச்சுக்காதீங்க. இதையெல்லாம் அப்புறப்படுத்த நாங்கதான் காசு கட்டணும்."

எத்தனையோ பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிட்டவன் நான். அன்று என் மாணவி எனக்கு வட்டமிட்டார். தருமம் என்று நினைத்து, நம் வீட்டுக் குப்பையை அறநிறுவனத்தின் தலையில் கட்டியிருக்கிறேன்.

வீடு திரும்பும்போது கடோபநிடதம் கூறும் நசிகேதன் கதை மனத்தில் ஓடியது. அவனுடைய தந்தை தம் உடைமை அனைத்தையும் தானமாக வழங்கும் பெரிய வேள்வியைச் செய்கிறார். ஆனால் அவர் தானம் கொடுத்தவை பால் வற்றிப்போன, புல் மேயவும் வலுவற்ற கிழப்பசுக்கள். சிறுவனுக்கு அது பொறுக்கவில்லை. "என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று மீண்டும் மீண்டும் கேட்கிறான். சினம் மூண்ட தந்தை, எமனுக்கே கொடுத்தேன் என்கிறார். நசிகேதன் எமனிடம் ஆத்மஞானம் பெற்றதை நாம் பலமுறை சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த ஞானக்கதை முழுவதும், பயனற்ற பொருளைத் தானமாகக் கொடுத்த ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஜாடி இல்லாத என் இயந்திரமும் பால் வற்றிய பசுதான்.

மறுபுறம் குசேலரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கொண்டுபோனது கந்தையில் முடிந்த ஒரு பிடி அவல். விலை அற்பம், ஆனால் உண்ணத் தகுந்த பொருள், அன்போடு எடுத்துச் சென்றது. கண்ணன் விரும்பி உண்டான்.

அன்பர்கள் கவனத்திற்குச் சில குறிப்புகள்

1. கொடுக்கும் பொருளை, வீட்டுக்கு வந்த உறவினர் கையில் கூசாமல் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் பையில் போடாதீர்கள்.

2. துணியைத் துவைத்து, காயவைத்து, பொத்தான் சரிபார்த்து, மடித்துக் கொடுங்கள். சேலையோடு பொருந்தும் இரவிக்கை இருந்தால் சேர்த்துக் கட்டுங்கள். மின்சாதனத்தை ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

3. கடை எதை ஏற்கிறது, எப்போது ஏற்கிறது என்று முன்கூட்டியே கேளுங்கள். கடை மூடியபின் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். ஒரு மழை பெய்தால் நல்ல பொருளும் குப்பையாகும்.

4. எல்லாரும் ஒரே காலத்தில் கொடுப்பதைத் தவிர்க்கலாம். 2019ஆம் ஆண்டு தொடக்கத்தில் மேரி கொண்டோவின் வீட்டு ஒழுங்கு பற்றிய தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தபோது, பல நாடுகளின் சிக்கனக் கடைகளில் மூட்டைகள் குவிந்தன. பண்டிகைக்கு முன்பின்னும் இதே நிலைதான்.

5. பழைய துணிமணிகளுக்கு வரிக்கழிவு எதிர்பார்க்க வேண்டாம். பொருளோடு சிறு தொகையும் சேர்த்துக் கொடுத்தால் கடைச் செலவுக்கு உதவும்.

6. தேறாத பொருளைக் காராங் குனிக்காரரிடமோ மறுபயனீட்டுத் தொட்டியிலோ சேருங்கள். நம் நாட்டின் ஒரே குப்பை நிரப்பிடமான செமக்காவ், 1999 முதல் செயல்பட்டு வருகிறது. 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. ஒரு துணியின் ஆயுளை நீட்டிப்பதும் நம் பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் தருமமே.

நிறைவாக

போகியன்று பழையன கழிக்கிறோம். நம் முன்னோர் அவற்றை நெருப்பிலிட்டார்கள்; வீவக வீட்டில் வாழும் நாம் அப்படிச் செய்ய முடியாது. நமக்குப் பழையதாகிவிட்டது, இன்னொருவருக்குப் புதியதாகட்டும். முதல் சம்பளம் வாங்காத இளைஞருக்கு நேர்முகத் தேர்வுக்கு ஒரு சட்டை, புதிதாகக் குடியேறிய குடும்பத்துக்கு நான்கு தட்டு எனப் போய்ச் சேரட்டும்.

சென்ற ஆண்டு மீண்டும் அதே கடைக்குப் போனேன். இம்முறை ஒரே ஒரு பை. துவைத்து, நானே தேய்த்து மடித்த சட்டைகள் பதினொன்று. மனைவி கொடுத்த சேலைகள் நான்கு. என் மாணவி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எதையும் ஒதுக்கவில்லை.

அன்று மனைவி உடுத்தியிருந்தது அந்த ஐந்து வெள்ளிச் சேலை. அதை உடுத்திக்கொண்டு அவர் எத்தனையோ வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் நின்றிருக்கிறார். கொடுத்த புண்ணியவதி யாரென்று தெரியாது. அவர் குடும்பம் நலமாக வாழ அம்மன் அருள்புரிவாளாக.