லயத்து அடுப்பில் கௌபியும் பயறும் போஞ்சியும்

எட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்தில் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு மட்டும்தான். ஒரு கைப்பிடி பருப்பில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி ஆறு பேருக்குக் கறி ஆக்கிவிடுவார்கள். மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, அன்றைக்குப் பேரும் விழாது. அந்த நாட்களில் அம்மா ஒரு சட்டி கௌபி அவித்து, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிரட்டித் தருவார். அதைச் சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசிக்காது. 100 கிராம் காய்ந்த கௌபியில் ஏறக்குறைய 23 கிராம் புரதம் இருக்கிறது என்பதை வளர்ந்த பிறகே படித்தேன். மீனும் இறைச்சியும் எட்டாத விலைக்குப் போகும் காலத்தில் சப்ரகமுவத் தோட்டத்து அடுப்புக்கு ஏற்ற சில குறிப்புகளை இங்கே தருகிறேன்.

1. கௌபி, கடலை, பச்சைப்பயறு எதுவானாலும் இரவே ஊறப்போடுங்கள். விறகு பாதியாவது மிச்சப்படும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் வயிற்று உப்புசம் குறையும். கொட்டும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாம். ஊறப்போட மறந்துவிட்டால், இரண்டு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு மணி நேரம் மூடிவைத்துப் பிறகு அவியுங்கள்.

2. கொரக்காவோ பழப்புளியோ தக்காளியோ, புளிப்பு எதுவும் பயறு வெந்த பிறகுதான் சட்டிக்குள் போக வேண்டும். முதலிலேயே போட்டால் தோல் இறுகி எவ்வளவு நேரம் எரித்தாலும் வேகாது. "இந்தக் கடைக் கடலை சரியில்லை" என்று பலர் சொல்வதற்குப் பாதிக் காரணம் இந்தப் புளிதான்.

3. காலையில் பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. ஊறிய பயறையோ கௌபியையோ பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் சட்டியோடு பழைய கம்பளியிலும் சாக்கிலும் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். சட்டிச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் மறுபடி கொதிக்கவைத்துத் தாளித்தால் போதும். மாலை வரை அப்படியே விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும்.

4. கௌபி ரொட்டி. தோட்டத்தில் ரொட்டி சுடாத வீடு கிடையாது, ஆனால் கோதுமை மாவை மட்டும் நம்பியிருந்தால் வயிறு நிறையுமே தவிர உடம்பில் பலம் சேராது. நான்கு கப் மாவுக்கு ஒரு கப் அவித்து மசித்த கௌபி, ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசையுங்கள். கௌபியிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத்தான் விட வேண்டும். வழக்கத்தைவிடச் சற்று மெல்லியதாகத் தட்டிச் சிறு நெருப்பில் சுடுங்கள், தடிப்பாகத் தட்டினால் நடுவே மாவாகவே நிற்கும். ஆறினாலும் மெதுவாக இருப்பதால் மலைக்குக் கட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. தொட்டுக்கொள்ளச் செத்தல் மிளகாய்ச் சம்பல் போதும். தானியத்தில் குறைவாக உள்ள புரதக் கூறு பயறில் இருக்கிறது, பயறில் குறைவது தானியத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தின்றால்தான் புரதம் முழுமையாகும்.

5. கௌபி வடைக்கு அவிக்கத் தேவையில்லை. ஊறிய கௌபியைத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைத்து, பெருஞ்சீரகம், வெங்காயம், மிளகாய் சேர்த்துத் தட்டிப் பொரியுங்கள். கடலைப்பருப்பு வடையைவிட உள்ளே மெதுவாக இருக்கும்.

6. சிங்கள அயலவர் வீடுகளில் செய்யும் முங் கிரிபத்தை நாமும் பழகிக்கொள்ளலாம். இரண்டு கப் பச்சரிசியோடு அரைக் கப் ஊறிய பச்சைப்பயறைச் சேர்த்துக் குழைய வேகவிட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலும் உப்பும் ஊற்றிக் கிளறித் தட்டில் பரப்பித் துண்டு போடுங்கள். காரத்துக்குக் கட்டச் சம்பல், இனிப்புக்குக் கித்துல் பாணி. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் நல்ல கித்துல் பாணி கிடைப்பது நம் அதிர்ஷ்டம்.

7. தேங்காய் விலை ஏறும்போது போஞ்சிக் கறிக்கோ பயற்றங்காய்க் கறிக்கோ பால் குறைகிறதா? அவித்து மசித்த மைசூர்ப் பருப்பு இரண்டு கரண்டி சேருங்கள். குழம்பு கெட்டியாகும், ருசியும் குறையாது.

8. கொடியிலேயே முற்றி நாராகிப்போன போஞ்சியை வீசிவிடாதீர்கள். உரித்து விதையை மட்டும் எடுத்து, வெள்ளைப்பூண்டு, மிளகு, ரம்பை போட்டுக் குழம்பு வைத்தால் இறைச்சிக் குழம்பு போலவே இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முற்றிய போஞ்சி விதையில், அதிலும் சிவப்பு விதையில், அரைகுறையாக வெந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் ஒரு நச்சு இருக்கிறது. காய்ந்த விதையானால் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பத்து நிமிடமாவது நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு மெதுவாகும்வரை அவியுங்கள்.

9. சிறகவரையைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். சிங்களத்தில் தம்பல என்பார்கள். நாலு பக்கமும் சிறகு விரித்த இந்தக் காய்க்குச் சூடும் ஈரமும் சேர்ந்த நம் மண்தான் பிடிக்கும். லயத்துக்குப் பின்னால் வேலியில் ஒரு விதை ஊன்றினால் தானே ஏறிக்கொள்ளும். பிஞ்சுக்காய், இலை, பூ, விதை, கிழங்கு என்று எல்லாமே உணவு. முற்றிய விதையில் புரதம் 100 கிராமுக்கு 30 கிராம் அளவுக்கு இருக்கிறது. 1975இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் வெப்ப நாடுகளுக்கு ஏற்ற புரதப் பயிர் என்று இதற்கெனத் தனி அறிக்கையே வெளியிட்டது. நாமோ வேலியில் காய்ப்பதை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடுகிறோம். பிஞ்சைக் குறுக்கே மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, மாசி, சின்ன வெங்காயம் போட்டு இரண்டே நிமிடம் சுண்டுங்கள். கூடுதலாக வதக்கினால் மொறுமொறுப்புப் போய்விடும்.

10. பயற்றங்காய்க் கொடியின் இளந்தளிரும் கீரைதான். பருப்போடு கடையலாம்.

11. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்த ஈரத்தில் பயறு வகைகளை அதிக நாள் வைத்தால் விதை கல்லாகிவிடும், எத்தனை மணி நேரம் அவித்தாலும் வேகாது. ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். வண்டு விழாமலிருக்க, வெயில் கண்ட நாளில் நன்றாகக் காயவைத்து, ஆறிய பிறகு காற்றுப் புகாத போத்தலில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். வெயிலே இல்லாவிட்டால் வெறும் சட்டியில் இலேசாகச் சூடேற்றி ஆறவிடலாம். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் பிரட்டி வைத்தாலும் வண்டு முட்டையிடாது.

12. கிளினிக்கில் தரும் திரிபோஷாவிலும் சோளத்தோடு சோயா அவரை இருக்கிறது. பிள்ளை கஞ்சியாகக் குடிக்க மறுத்தால், வறுத்துப் பொடித்த பயறும் கித்துல் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுங்கள். கர்ப்பிணித் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்ததை வீட்டில் எல்லோருக்குமாகப் பங்கு போடாதீர்கள்.

13. முளைகட்டிய பயறை இந்த ஈரத்தில் பச்சையாகச் சாப்பிடவேண்டாம். கிருமி சீக்கிரம் பெருகும். ஆவியில் நன்றாக வேகவைத்துத் தாளியுங்கள்.

14. எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பெண்களுக்கு இரத்தச்சோகை அதிகம். பயறிலும் கௌபியிலும் இரும்புச்சத்து இருக்கிறது. ஆனால் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சாயமே இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஒட்டாது. நாம் பறிக்கும் கொழுந்துதான், நாமே குடிக்கும் தேநீர்தான், விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரம் விடுங்கள். கௌபியின் மேல் பாதித் தேசிக்காய் பிழியுங்கள், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காயோ வல்லாரைச் சம்பலோ சேர்த்துக்கொள்ளுங்கள், இரும்பு கூடுதலாகச் சேரும். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்றைய சாப்பாட்டிலிருந்தே இதைப் பழக்குங்கள்.