"எப்ப வந்து சேருவீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது?



சில மாதங்களுக்கு முன் ஒரு குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து கடன் விண்ணப்பம் வந்தது. ஒரு அக்கா எழுந்து, "எனக்கு 15,000 உள்கடன் வேணும்" என்றார். எதுக்கு என்று ஊக்குநர் கேட்டார். "பொண்ணுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சிருக்கு. கொண்டுபோய் விடணும்." எல்லோரும் கை தட்டினோம். தட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சம்பாதிக்கப் போகிற பெண்ணை அனுப்ப நூற்றுக்கு 2 வட்டியில் கடன் வாங்குகிறோமே, இந்தச் செலவில் வேலை கொடுக்கிறவருக்குப் பங்கே கிடையாதா?

அந்த அக்காவை உட்கார வைத்துக் கணக்கு எழுதினோம். விடுதி அட்வான்ஸ் 5,000. முதல் மாத வாடகையும் சாப்பாடும் 5,500. அம்மாவும் மகளும் போக, அம்மா திரும்பி வர 1,000. பாய், தலையணை, பக்கெட், தட்டு, பூட்டு 1,500. முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவு 2,000. ஆக மொத்தம் 15,000. அந்தப் பெண்ணின் மாதச் சம்பளமும் 15,000தான்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் இருந்தது. அவளை 12ஆம் தேதி வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சேர்ந்தால் 30 நாள் மாதத்தில் அவளுக்கு 19 நாள் சம்பளம், 9,500 ரூபாய்தான் வரும். அதிலும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகும். அதுவும் அடுத்த மாதம்தான் கைக்கு வரும். முதல் மாதம் முழுச் சம்பளம் வந்துவிடும் என்று நம்பித்தான் பலர் கடனுக்குத் தவணை சொல்கிறோம். முதல் தவணையே தவறிப்போவது இதனால்தான்.

சரி, இடம் மாறும் செலவைக் கம்பெனியிடம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். பெரிய படிப்பு படித்து பெரிய ஊருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கூச்சமில்லாமல் கேட்டு வாங்குகிறார்கள். நாம்தான் "வேலை கொடுத்ததே பெரிசு, இதையும் கேட்டா வேலையே போயிடுமோ" என்று பயப்படுகிறோம். மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்காக வேலையே இல்லை என்று சொல்கிற இடம் என்றால், அதைச் சேரும் முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஊர் மாறினால் செலவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் கம்பெனிக்குக் கட்டாயம் இல்லை. வேறு மாநிலத்துக்குப் போகும் தொழிலாளர்களுக்கு 1979இல் வந்த சட்டத்தில் ஒரு இடப்பெயர்வுப் படி இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் அந்தப் பழைய சட்டம் இப்போது இல்லை. புதியதில், வெளிமாநிலத் தொழிலாளி ஊருக்கு வந்துபோகும் கட்டணத்தை முதலாளி வருஷத்துக்கு ஒரு முறை தர வேண்டும் என்று இருக்கிறது. அதற்கு நிபந்தனைகளும் உண்டு. ஆகவே நம் ஓசூர் பெண்ணுக்குக் கை கொடுப்பது சட்டம் இல்லை, அவள் வாய்தான்.

எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம். நேர்முகத் தேர்வு நடக்கும்போது வேண்டாம். சேர்ந்த பிறகு கேட்டால் பலன் இல்லை. "உங்களை எடுத்துக்கிட்டோம், எப்ப வந்து சேருவீங்க?" என்று அவர்கள் கேட்கும்போதுதான் நேரம். அப்போது அவர்களுக்கும் ஆள் தேவை. உடனே தேதி சொல்லிவிடாமல் இப்படிப் பேசலாம்:

"ரொம்ப நன்றி மேடம். எனக்கு வர விருப்பம். எங்க ஊர்லேர்ந்து வந்து விடுதியில சேர 15,000 ஆகுது மேடம். இதுக்குக் கம்பெனி ஏதாவது உதவி செய்யுமா?"

இவ்வளவுதான். அழ வேண்டாம், வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் கொட்ட வேண்டாம், கணக்கைச் சொன்னால் போதும். சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருக்க வேண்டும். நம்மில் பலர் கேட்டுவிட்டு அடுத்த மூச்சிலேயே "இல்லைன்னாலும் பரவாயில்லை மேடம்" என்று சொல்லிக் கெடுத்துவிடுகிறோம்!

பணமாகத் தர முடியாது என்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. வேறு வழிகள் இருக்கின்றன. விடுதி அட்வான்ஸைக் கம்பெனி கட்டிவிட்டுச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கலாம். முதல் மாத வாடகையைத் தள்ளுபடி செய்யலாம். வட்டியில்லாத சம்பள முன்பணம் தரலாம். சேரும் தேதியை 1ஆம் தேதிக்கு மாற்றலாம். இந்தக் கடைசிக்குக் கம்பெனிக்குப் பைசா செலவில்லை, நமக்கோ முழு மாதச் சம்பளம்.

ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். வேலை உத்தரவிலேயே ஒரு வரி இருந்தால் நல்லது. இல்லையென்றால், "மேடம், நீங்க சொன்ன மாதிரி அட்வான்ஸ் 5,000 கம்பெனி கட்டும், மாசம் 1,000 பிடிப்பீங்க, சரிதானே?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு "சரி" வாங்கிவிட வேண்டும். நான் சமூகப்பணி பட்டம் முடித்து முதல் வேலைக்கு வேறு மாவட்டம் போனபோது இதைச் செய்யவில்லை. "தங்க இடம் தர்றோம்" என்று போனில் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அலுவலகத்துக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் அறை. வீட்டு அட்வான்ஸுக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. ஊருக்கெல்லாம் உரிமை பேசக் கற்றுக்கொண்ட எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

உதவி என்ற பெயரில் வரும் கட்டுகளையும் பார்க்க வேண்டும். "ஒரு வருஷத்துக்குள் நின்றால் கொடுத்ததைத் திருப்பித் தரணும்" என்று எழுதியிருக்கலாம். எவ்வளவு, எத்தனை மாதம் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், ஆனால் கையோடு திரும்ப வாங்கி வந்துவிட வேண்டும். முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையை விட்டுப் போகவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை, குற்றம். பஞ்சாலைகளில் "மூணு வருஷம் முடிச்சா மொத்தமா தர்றோம்" என்று சுமங்கலித் திட்டம் ஓடியது நமக்குத் தெரியும். நடுவில் நின்றுபோன பிள்ளைகளுக்கு அந்தப் பணம் வரவில்லை. கடைசியில் தருகிறேன் என்பது இடம் மாறுவதற்கான உதவியே இல்லை.

விடுதியையும் கேளுங்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் வண்டி உண்டா? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைப் பெண்கள் விடுதியில் சாப்பாடு கெட்டுப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதும், மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்ததும் செய்தியில் வந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் விடுதிக்கு அரசு உரிமம் வேண்டும். இருக்கிறதா என்று கேட்கலாம். தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி போன்ற ஊர்களில் அரசின் தோழி விடுதிகளும் உள்ளன.

அந்த அக்காவின் கடன் தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். "நீங்களே பேசுங்க மேடம்" என்று மகள் என்னிடம் போனை நீட்டினாள். நான் வாங்கவில்லை. கணக்குச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவளே பேசினாள். பஸ் செலவு தர முடியாது என்றுவிட்டார்கள். அட்வான்ஸைக் கம்பெனியே கட்டி ஐந்து தவணையில் பிடிக்க ஒத்துக்கொண்டார்கள். பாய் தலையணை விடுதியிலேயே இருக்கிறதாம், அதில் 1,000 மிச்சம். சேரும் தேதியும் 1ஆம் தேதிக்கு மாறியது.

அடுத்த வாரம் தீர்மானப் புத்தகத்தில் 9,000 ரூபாய் உள்கடன் என்று எழுதினோம். கணக்குச் சீட்டை ஊக்குநர் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறார். உங்கள் குழுவில் யார் வீட்டிலாவது வெளியூர் வேலைக்குக் கிளம்பினால், கடன் விண்ணப்பத்துக்கு முன்னால் அப்படி ஒரு சீட்டு எழுதச் சொல்லுங்கள்.