கடைசிப் பக்கத்துக்குப் பிறகு

பெரிய நாவல் ஒன்றை முடித்த அன்று நான் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசமாட்டேன். வீட்டில் பழகிவிட்டார்கள். "புஸ்தகம் முடிஞ்சிருச்சு போல" என்று விட்டுவிடுவார்கள். என்னை அதிகம் படுத்தியது கல்கியின் பொன்னியின் செல்வன்.

ஐந்து பாகம். கடைசிப் பாகமான தியாகச் சிகரத்தில் பக்கங்கள் குறையக் குறைய, அதுவரை பறந்த மனசு இழுத்தடிக்கத் தொடங்கிவிடும். முடித்தால் நிறைவு வரும் என்று பார்த்தால், வருவது வெறுமை. கூடவே கொஞ்சம் கோபம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யாரென்று கல்கி அடித்துச் சொல்லவே இல்லையே!

அதற்குப் பின்னால் ஒரு முடிவுரை இருக்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராகப் படித்தவர்களுக்காக, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை எடுத்துப் பதில் சொல்லியிருக்கிறார் கல்கி. பலர் அதைத் தாண்டிவிடுகிறார்கள், தாண்டாதீர்கள். ஆனால் அதே ராத்திரி படிக்கவும் வேண்டாம். இளவரசி குந்தவையும் நாயகன் வந்தியத்தேவனும் என்ன ஆனார்கள் என்று நாமே கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்புறம் ஆசிரியரிடம் கேட்கலாம்.

சூட்டோடு சூடாகக் கல்கியின் இன்னொரு நாவலான சிவகாமியின் சபதத்தை எடுங்கள் என்பார்கள். எனக்கு அது ஒத்துவந்ததில்லை. பாவம், அடுத்த நாவலில் யார் வந்தாலும் "இவன் வந்தியத்தேவன் இல்லையே" என்றுதான் தோன்றும். இடையில் கதையல்லாத ஒன்றைப் படிப்பது நல்லது.

நான் எடுத்தது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்'. கொலை அங்கே ஒரு கல்வெட்டாக நிற்கிறது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு அது. கரிகாலனின் தம்பி ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் முதலியவர்களைப் பெயர் சொல்லி, அவர்களையும் உறவினர்களையும் சேர்ந்த நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. ரவிதாசன்! நாவலில் இருட்டில் ஆந்தைபோல் கத்துகிற அதே ஆள்.

ராஜராஜன் பட்டமேறியது 985-இல். அதற்கு முன் ஆண்ட உத்தம சோழர் ஏன் இவர்களைத் தண்டிக்கவில்லை? சாஸ்திரியாருக்கு உத்தம சோழர்மேலேயே சந்தேகம். எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. வரலாறே பாதியில் நிறுத்திய இடத்தில்தான் கல்கியும் நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்ததும், அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. வெறுமை போகவில்லை, ஆனால் அதற்கு ஒரு வேலை கிடைத்தது.

இன்னொன்றும் செய்து பாருங்கள். முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு வாலிபன் குதிரையில் வருகிறான். முதல் தடவை அது வெறும் வர்ணனை. இப்போது அவன் எங்கெல்லாம் போகப்போகிறான் என்பது அவனைவிட நமக்கு நன்றாகத் தெரியும். அந்த ஏரிதான் இன்றைய வீராணம். கதை தொடங்கும் கரையும், கொலையாளிகளின் பெயர் வெட்டிய கல்லும் ஒரே வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து உண்டு. ஆடியில் போவதென்றால், கீழணையிலிருந்து, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வடவாற்றில் தண்ணீர் விட்டார்களா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.