வள்ளத்திற்கேற்ற யந்திரம் யாது?

குமரி மாவட்டத்தின் மேல்கரையில் கட்டுமரமும் வள்ளமும் தொன்றுதொட்டு வழங்கி வருதல் யாவரும் அறிந்ததே. கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திலும் சென்று குடிபுகுந்துளது. துடுப்பும் பாயுமே துணையாயிருந்த இக்கலங்களில், பின்புறத்தே மாட்டும் சிறு யந்திரம் 1980-களில் பரவலாயிற்று. முட்டத்தில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பெற்றதும் அக்காலத்தேயாம். 1909-இல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் என்பார் விற்பனைக்குக் கொணர்ந்த இவ்வகை யந்திரத்தை அவுட்போர்டு மோட்டார் என்பர். இன்று இதனை வாங்குவோன் முன்னர் ஒரு வினா நிற்கின்றது: கார்புரேட்டர் உடையதைக் கொள்வதா, இஞ்செக்டர் உடையதைக் கொள்வதா? எண்ணெய்ச் செலவு கழிந்த பின்னரே வள்ளத்தில் பங்கு பிரிப்பராதலின், இவ்வினா அடுப்படி வரை செல்வதாகும்.

இரண்டின் இயல்பு

ஒடுங்கிய குழல் வழியே காற்று விரைந்து செல்லுங்கால் ஆண்டு அழுத்தம் குறையும். அதனால் மிதவை அறையிலுள்ள எண்ணெய் நுண்துளை வழியே எழுந்து காற்றொடு கலக்கும். இதுவே கார்புரேட்டர். கலப்பின் அளவைத் துளையே வரையறுக்கின்றது. மற்றையதில், பம்பு எண்ணெயை அழுத்தித் தருகின்றது. வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சுழற்சியையும் உணர் கருவிகள் அளக்கின்றன. சிறு கணினியொன்று வேண்டும் அளவைக் கணித்து, இஞ்செக்டர் வாயிலாகப் பீய்ச்சுவிக்கின்றது. மின்கலமின்றிக் கயிற்றை இழுத்தே கிளப்பத்தக்க சிறு யந்திரங்களும் இவ்வகையில் வந்துள்ளன.

நன்மை தீமை

பழைய டூ ஸ்ட்ரோக் யந்திரங்களில் எண்ணெயில் நாலில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியேறும் என்பர். இதனைக் கார்புரேட்டரின் குற்றமாகவே கொள்ளல் பொருந்தாது. புதுக்கலவை புகும்பொழுதே புகைவாயிலும் திறந்திருக்கும் அமைப்பே காரணமாம். ஃபோர் ஸ்ட்ரோக் யந்திரத்தில் கார்புரேட்டர் இருப்பினும் இவ்விழப்பு பெரும்பாலும் நீங்கும்.

இஞ்செக்டரின் சிறப்பாகக் கூறப்படுவன மூன்று: குளிரில் எளிதிற் கிளம்புதல், மலை ஏரிகளின் உயரத்திற்கேற்பக் கலவையைத் திருத்துதல், எண்ணெய்ச் சிக்கனம். முன்னிரண்டும் கடல்மட்டத்து வெப்பநாட்டவராகிய நமக்குப் பெரிதும் பயன்படா. மூன்றாவது மெய்யான ஊதியமே. நெடுநேரம் யந்திரத்தை மெல்ல ஓட்டுவோர்க்கு அது நன்கு புலனாகும்.

கார்புரேட்டருக்குரிய நோய் அடைப்பு. ஆனி ஆடிக் கடுங்காற்றில் வள்ளம் கரையிற் கிடக்கையில், மிதவை அறையில் எஞ்சிய பெட்ரோல் பிசினாகி நுண்துளையை மூடும். நெடுநாள் நிறுத்துமுன் அறையை வற்றவிடின் இது நேராது. நேரினும் திருகுளி கொண்டு கழற்றித் துடைக்கலாம். மேலும், பெட்ரோலிற் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியோட்டும் யந்திரங்கள் இவ்வகையினவே. இஞ்செக்டர் யந்திரமோ தூய பெட்ரோலையே வேண்டும். சிறிது நீர் கலப்பினும் நின்றுவிடக்கூடும். அதன் கணினி பழுதுற்றால் நடுக்கடலில் திருத்துவார் இலர்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் இக்கடலைக் கலக்கியபோது தொலைவில் நின்றோர் பலர் மீளவில்லை. கடலிடை யந்திரம் நிற்றல் எத்துணைப் பெரிய இடர் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

முடிபு

ஆதலின் எது சிறந்தது என்று வினவாது, எது தன் தொழிலுக்குப் பொருந்தும் என்று வினவுதல் வேண்டும். மணற்கரையினின்றும் அலையைக் கடந்து சென்று, மண்ணெண்ணெய் ஊற்றித் தன் கையாலேயே பழுது பார்ப்பவனுக்குக் கார்புரேட்டரே உற்றது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் போன்ற துறைமுகங்களில் கலத்தை நிறுத்தி, பெட்ரோலில் நாடோறும் நெடுந்தொலைவு ஓடுபவனுக்கு இஞ்செக்டர் ஊதியம் தரும். ஆயின் அதனை ஆராயுங் கருவியுடைய பணிமனை அணித்தே இருத்தல் வேண்டும். அவனும் நீர் பிரிக்கும் வடிகட்டியைப் பொருத்துக. இயலுமாயின் எளிய யந்திரமொன்றையும் உடன் கொண்டு செல்க. விலைச்சீட்டைப் பார்க்குமுன் பழுது பார்ப்பவன் யார் என்று பார்ப்பதே அறிவுடைமையாம்.