பத்து நாள் தப்பினால் அரிதாள்தான்: சாப்பா மலைக்குப் போகிறவர்களுக்கு ஆவணிக் குறிப்பு

வியட்நாமின் வடமேற்கு மூலையில், சீன எல்லையை ஒட்டிய மலைகளில் இப்போது நெல் பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில வாரங்களில் சாப்பாவைச் சுற்றியுள்ள படிக்கட்டு வயல்கள் பழுத்து அறுப்புக்கு வந்துவிடும். மலைவாழ் மக்களின் வீடுகளில் தங்கி அதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், தேதியை இந்த வாரமே முடிவு செய்யுங்கள். பத்து நாள் தப்பினால் பார்க்கக் கிடைப்பது அரிதாள்தான்.

குறுவை, சம்பா, நவரை என்று பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. சாப்பாவின் உயரம் ஏறத்தாழ நம் ஏற்காட்டின் உயரம், சுமார் 1,500 மீட்டர். ஆனால் வெகு வடக்கே இருப்பதால் குளிர் அதிகம். நெல் ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல், மே மாதங்களில் வயலில் நீர் கட்டுகிறார்கள். ஜூனுக்குள் நடவு முடிகிறது. ஆகஸ்ட் கடைசியில் மஞ்சள் தட்டுகிறது. செப்டம்பர் நடுவில் அறுப்பு மும்முரம். முவோங் ஹுவா பள்ளத்தாக்கில் இருக்கும் லாவோ சாய், தா வான் கிராமங்களுக்குப் போகிறவர்கள் செப்டம்பர் 5க்கும் 15க்கும் இடைப்பட்ட நாட்களைக் குறிவையுங்கள். செப்டம்பர் 2 வியட்நாமின் தேசிய நாள். அதையொட்டிய விடுமுறையில் ஹனோய்க்காரர்கள் மொத்தமாக மலையேறிவிடுவார்கள்; பஸ்ஸும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. அந்த நாட்களை விட்டுவிடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில்தான் வருகிறது. அதற்குள் சாப்பாவில் பெரும்பாலான வயல்கள் காலியாகிவிடும். அவர்கள் சாப்பாவை மறந்துவிட்டு, அதே வடமேற்கு மலைகளில் இருக்கும் மு காங் சாய்க்குப் போகலாம். அங்கே நெல் தாமதமாகப் பழுக்கும். செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் தொடக்கம் வரை வயல் பொன்னாக நிற்கும். லா பான் தான், சே கு ஞா, ஸே சு ஃபின் ஆகிய மூன்று ஊர்களின் வயல்களை அரசு 2007லேயே தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டது. போகும் வழியில் காவ் ஃபா கணவாய்க்குக் கீழே து லே என்ற ஊர் வரும். அங்கே தாய் இன மக்கள் முற்றாத பச்சை நெல்லை வறுத்து, உரலில் இடித்து, உமி நீக்கி விற்பார்கள். கொம் என்று பெயர். நம் அவலேதான், ஆனால் இளம்பச்சை நிறம், கையில் ஒட்டும் பதம், பால் வாசம். புரட்டாசி விரதக்காரர்கள் இதை நம்பி ஒரு வேளையை ஓட்டலாம்.

2025 ஜூலையில் வியட்நாம் மாகாணங்களை இணைத்தது. மு காங் சாய் இருந்த யென் பாய் மாகாணம், சாப்பா இருக்கும் லாவோ காயோடு சேர்ந்துவிட்டது, மாவட்ட அமைப்பும் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய முகவரியும் புது முகவரியும் கலந்து புழங்குவதால், தங்கப்போகும் வீட்டாரிடம் முகவரியை எழுதி வாங்காதீர்கள். வரைபடத்தில் இடத்தைக் குறித்து அனுப்பச் சொல்லுங்கள்.

விசாவில் பெயர்

இந்தியர்களுக்கு 90 நாள் வரையிலான இ-விசா உண்டு. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். மூன்று வேலை நாள் என்பார்கள். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தளத்தின் முகவரி ‘கவ் டாட் விஎன்’ என்று முடியும். வேறு விதமாக முடிந்தால் அது இடைத்தரகர், கட்டணம் கூடும்.

தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. நம்மில் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்கும் வரிகளில் பெயர் எப்படி இருக்கிறதோ, அப்படியே விசாவிலும் விமானச் சீட்டிலும் இருக்கட்டும். என் முதல் பயணத்தில் பிறந்த தேதியின் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி நிரப்பிவிட்டேன். திருத்த வழியில்லை, மறுபடி விண்ணப்பித்து மறுபடி பணம் கட்டினேன். அனுப்புமுன் வீட்டில் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழை ஓய்ந்த பிறகும் ஆபத்து

செப்டம்பரின் அழகைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. வடக்கு வியட்நாமுக்குப் புயல் வரும் காலமும் இதுதான். 2024 செப்டம்பர் 7 அன்று யாகி புயல் ஹனோய்க்குக் கிழக்கே கடலோரத்தில் கரையைக் கடந்தது. லாவோ காய் மாகாணத்தின் லாங் நு என்ற சிறு கிராமத்தை மண்ணும் நீரும் அடித்துக்கொண்டு போனது 10ஆம் தேதி காலையில். 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புயல் கரையைக் கடந்து மூன்று நாள் ஆகப்போகும் நேரம் அது. மலை மண் நீரைக் குடித்து ஊறி, தாங்க முடியாமல் விடும்போதுதான் சரியும்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். மலையில் மூன்று நாள் என்றால், ஹனோயில் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு முழு நாளைச் சும்மா விட்டுவையுங்கள். சாலை சரிந்தால் அந்த நாள் காப்பாற்றும். சரியவில்லை என்றால் ஹனோயின் பழைய தெருக்களில் நடக்கலாம். தொடர்ந்து இரண்டு நாள் கனமழை பெய்திருந்தால், வானம் வெளுத்துவிட்டாலும் ஓடைக்கரை வீட்டிலும் வெட்டிய சரிவுக்கு அடியில் இருக்கும் வீட்டிலும் தங்காதீர்கள். நகரத்திலேயே இருந்துகொள்ளுங்கள். முன்பணம் போனால் போகட்டும். வாடகை பைக்கில் சாப்பாவுக்கு அருகில் உள்ள ஓ குயி ஹோ கணவாய் ஏறும் ஆசையை வறண்ட மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஹனோயிலிருந்து சாப்பா 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2014ல் லாவோ காய் விரைவுச்சாலை திறந்த பிறகு பஸ்ஸில் ஐந்தரை, ஆறு மணி நேரம். இரவு ஸ்லீப்பர் பஸ் விடியுமுன் கொண்டுபோய் இறக்கிவிடும். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அது வேண்டாம். பகல் பஸ் நல்லது. எனக்குப் பிடித்தது இரவு ரயில்: பத்து மணியளவில் கிளம்பி காலை ஆறு மணியளவில் லாவோ காய். அங்கிருந்து 38 கிலோமீட்டர் மலைச்சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை போய் இறங்கும்படி சீட்டு எடுத்தால், முதலில் பாக் ஹா வாரச்சந்தையைப் பார்த்துவிட்டுச் சாப்பா ஏறலாம்.

யார் வீட்டில் தங்குகிறீர்கள்

ஹோம்ஸ்டே என்ற பலகை இன்று தா வானில் திரும்பிய பக்கமெல்லாம் தொங்குகிறது. பலவும் வெளியூர் முதலாளிகள் கட்டிய விடுதிகள். அவற்றில் வசதி இருக்கும். வீட்டுக்கார அம்மா இருக்கமாட்டார். முன்பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டார் அதே கூரையின் கீழ் குடியிருக்கிறார்களா? சமைப்பது யார்? எத்தனை பேர் தங்கலாம்? முப்பது நாற்பது பேர் என்று பதில் வந்தால் அது வீடு இல்லை. ஹ்மாங் என்ற மலையினப் பெண்களே வழிகாட்டிகளாக இருந்து நடத்தும் குழுக்கள் சாப்பாவில் உண்டு. அவர்களிடம் கேட்டால் தங்கள் வீட்டுக்கோ உறவினர் வீட்டுக்கோ அழைத்துப்போவார்கள். தரகு இல்லாமல் பணம் சமைத்தவர் கைக்கே போகும். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

வியட்நாம் அரசு 54 இனங்களை அங்கீகரித்திருக்கிறது. சாப்பாவில் நீங்கள் அதிகம் காண்பது கறுப்பு ஹ்மாங் மக்களை. லாவோ சாய் அவர்களுடையது. அடுத்த ஊரான தா வானில் ஸாய் மக்கள். தா ஃபினில் சிவப்பு முண்டாசு கட்டிய ஸாவ் மக்கள். எழுத்தில் தாவோ, பேச்சில் ஸாவ். அவர்களின் மூலிகைக் குளியலுக்கு மரத்தொட்டியில் உட்காரும்போது கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்த்துவிடுங்கள்.

வீடு எப்படி இருக்கும்? பலகைச் சுவர், தரையில் மெத்தை, கொசுவலை, பரணில் படுக்கை. குளியலறை பொது. மூலையில் அடுப்பு எரியும், புகை கூரை வழியாகத்தான் போகும். ஹ்மாங் வீட்டில் பெரிய வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் காகிதம் ஒட்டி அதில் கோழி இறகுகள் பதித்திருப்பார்கள். அது அவர்கள் வீட்டுத் தெய்வம். படம் எடுக்காதீர்கள், துணியை அங்கே தொங்கவிடாதீர்கள். வாசலில் பச்சை இலைக்கொத்து கட்டியிருந்தால் உள்ளே சடங்கு நடந்திருக்கிறது, வெளியார் வரக்கூடாது என்று பொருள். நம் வீட்டு வேப்பிலையை நினைத்துக்கொண்டால் போதும், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தங்குபவரின் விவரத்தைக் காவல்துறையில் பதிவது அந்நாட்டுச் சட்டம். கடவுச்சீட்டைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

தெருவில் பிள்ளைகள் கைப்பட்டை விற்க வருவார்கள். அவர்களிடம் வாங்காதீர்கள். காசு வரும் வரை அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாது. வாங்குவதைப் பெரியவர்களிடம், தறி இருக்கும் வீட்டில் வாங்குங்கள். அறுப்பு நாட்களில் வீட்டார் களைத்துப்போய் வருவார்கள். இரவுச் சாப்பாடு தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் ஒரு கை கொடுத்தால் மகிழ்வார்கள். ‘ஓ சௌ’ என்றால் ஹ்மாங்கில் நன்றி.

சைவர்களுக்கு

பட்டினி கிடக்க வேண்டாம். மேட்டு நிலமெங்கும் பந்தல் பந்தலாகக் கொடி படர்ந்திருக்கும், கிட்டே போய்ப் பார்த்தால் நம் சௌசௌ. அங்கே அதற்கு சு சு என்று பெயர். காயைவிடக் கொழுந்துக்குத்தான் மதிப்பு. பூண்டு தட்டிப் போட்டு வதக்கிச் சோற்றோடு வைப்பார்கள். ஆனால் வதக்குவது பன்றிக்கொழுப்பிலாக இருக்கலாம், மீன் சாறும் சேர்ந்திருக்கும். ‘தோய் அன் சாய்’, நான் சைவம். ‘கொங் நுக் மாம்’, மீன் சாறு வேண்டாம். இதை முன்பதிவின்போதே வியட்நாமியத்தில் எழுதி அனுப்புங்கள், போனதும் வாயாலும் சொல்லுங்கள். ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போகலாம். சோளச் சாராயம் சிறு கிண்ணத்தில் வரும். குடிக்காதவர்கள் இரு கைகளாலும் வாங்கி உதட்டில் தொட்டு வைத்துவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மற்றவை சுருக்கமாக. சாப்பாவிலிருந்து லாவோ சாய் வழியாகத் தா வான் வரை சுமார் 12 கிலோமீட்டர் நடை, மழையில் வழுக்கும் செம்மண். ரப்பர் பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பாதம் பெரியவர்கள் இங்கிருந்தே நல்ல காலணி கொண்டுபோங்கள். ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, டார்ச். ஏடிஎம் சாப்பா நகரத்தோடு சரி, கிராமத்துக்குச் சில்லறை நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபான்சிபான் சிகரம், 3,147 மீட்டர், 2016 முதல் கேபிள் காரில் எட்டக்கூடியது. மேகம் மூடியிருந்தால் மேலே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

துணி வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஹ்மாங் பெண்கள் ஹெம்ப் செடியின் நாரை நெய்து, அவுரி நீலத்தில் பலமுறை முக்கி எடுப்பார்கள். அந்தப் பெண்களின் உள்ளங்கையைப் பாருங்கள், ரேகை வரை நீலம் ஏறியிருக்கும். புதுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தால் உங்கள் வேட்டியும் சுடிதாரும் அதே நிறமாகும். பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியின் அடியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் தனியாக அலசுங்கள். நாலைந்து அலசலுக்கு நீலம் இறங்கிக்கொண்டே இருக்கும்.